தோளில் ஜன்னல் வைத்த சட்டை

குருவம்மாளை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை ஆறே முக்கால் மணிக்கு, எங்கள் வீட்டு மொட்டை மாடியில். ஊருக்குப் போகிற சேலையைக் கட்டி, தலையில் பூவும் வைத்து, கைப்பையைப் படியில் வைத்துவிட்டு, அவள் தன்னுடைய நாற்பத்தொரு சட்டிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து ஒவ்வொரு சட்டியின் மண்ணிலும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டி என்று பேருக்குச் சொல்கிறேன். ஓட்டை விழுந்த பிரஷர் குக்கர், பெயிண்ட் டப்பா, என்னுடைய பழைய ஹெல்மெட், விளிம்பு உடைந்த டீ கிளாஸ் என்று எது கிடைத்ததோ அதில் மணலும் செங்கல் தூளும் கலந்து நிரப்பி ஒரு கள்ளியோ கற்றாழையோ வைத்திருப்பாள். ஊருக்கு வெளியே இருந்த நர்சரியில் அவள் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தாள். அங்கே ஒடிந்தது, கோணலானது, விலைபோகாது என்று முதலாளி தூக்கிப் போட்டது எல்லாம் அவள் மடியில் ஏறி எங்கள் மாடிக்கு வந்துவிடும்.

"இந்தாங்க, நான் வர நாலு நாளாகும். ஒண்ணுக்கும் தண்ணி ஊத்திராதீக" என்றாள்.

"சரி."

"நெசமா ஊத்தக் கூடாது. வாடுற மாதிரி தெரியும். தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகட்டும்."

"சரின்னு சொல்லிட்டேன்ல."

படியில் இறங்கும்போது மூன்றாவது தடவையும் திரும்பிப் பார்த்தாள். "உங்களைச் சொல்லிக் குத்தமில்ல. வால்வு திறந்த கை, சும்மா இருக்காது. அதான் சொல்றேன். ஊத்திராதீக."

அப்போது நான் எங்கள் ஊரில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலையில் இருந்தேன். என் உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி, அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், குழியின் மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே விட்டுத் திருகினால் அந்தத் தெருவுக்கு இரண்டு மணி நேரம் தண்ணீர். எட்டு நாளைக்கு ஒரு முறை. கரிசல் பூமியில் அதுவே பெரிது. என் சைக்கிள் மணி கேட்டால் தூங்குகிற குழந்தையைக்கூட விட்டுவிட்டுக் குடத்தைத் தூக்குவார்கள். அதுவரை இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளும் நான் முறை தவறியதில்லை.

குருவம்மாள் விளாத்திகுளத்தில் தங்கச்சி வீட்டில் மூன்றாம் நாள் மத்தியானம் கடலை உடைத்துக்கொண்டிருந்தவள் சுவரில் சாய்ந்தாள். சாய்ந்தவள் நிமிரவில்லை. போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது அவள் முந்தியில் உடைத்த கடலை அப்படியே இருந்தது. நம் பக்கத்தில் உயிர் போகிற நேரத்தில் சொந்தக்காரர்கள் வாயில் ஒரு மடக்குத் தண்ணீரோ பாலோ ஊற்றுவது வழக்கம் அல்லவா, ஊருக்கெல்லாம் தண்ணீர் திறந்த என்னால் அவள் வாயில் ஒரு சொட்டு ஊற்ற முடியாமல் போயிற்று.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் மாடிக்கு ஏறினேன். செடிகள் வாடின மாதிரி தெரிந்தன. ஊற்றினேன். சாயங்காலமும் ஊற்றினேன். அவள் மூன்று தடவை சொன்னது காதில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது, ஆனால் கைக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. அவள் வாயில் ஊற்ற வேண்டியதையெல்லாம் அந்தச் சட்டிகளில் ஊற்றினேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. கள்ளி காய்ந்து சாவதில்லை. ஒரு வருஷம் மறந்துபோனாலும் தன்னைத் தானே தின்றுகொண்டு காத்திருக்கும். ஊற்றினால்தான் சாகும். அதுவும் உடனே இல்லை, ஒரு வாரம் பத்து நாள் கொழுகொழுவென்று இருந்து நம்மைச் சந்தோஷப்படுத்திவிட்டு, ஒருநாள் தொட்டால் விரல் உள்ளே போகும். பதினைந்து நாளில் முப்பத்து மூன்று சட்டிகள் அழுகிப்போயின. மீதி எட்டும் எனக்குப் பயந்துகொண்டு நின்றன.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சட்டையைக் கழற்றி உட்கார்ந்தேன். முகம் மழிக்க வந்த மாடசாமி கத்தியை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, இடது தோள்ல கள்ளி முளைச்சிருக்கு."

"பெருசாவா?"

"கட்டைவிரல் உசரம். சப்பாத்திக் கள்ளி."

"அதை விட்டுட்டு மழியுங்க."

விட்டுவிட்டு மழித்தார்.

மறுநாள் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா லைட் அடித்துப் பார்த்தார். "வலிக்குதா?" என்றார். இல்லை என்றேன். "வெயில் படுதா?" என்றார். பதினாறு நாளாக வீட்டுக்குள்ளேயே கிடக்கிறேன் என்றேன். சீட்டில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்று எழுதிக் கிழித்துக் கொடுத்து, "வெளிய உக்காருங்க. அதுக்கு வெயில் வேணும்ல" என்றார். அதனால் நான் வெளியே வந்து உட்கார ஆரம்பித்தேன். எனக்காக என்றால் வந்திருக்கமாட்டேன்.

வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, எங்கள் மேலத் தொட்டித் தெருவில் அந்த வருஷம் யார் வீட்டில் துக்கம் விழுந்ததோ அவர்கள் எல்லோருக்கும் முளைத்திருந்தது. ஏழு பேர். ஆளாளுக்கு ஒரு ஜாதி. யாரும் வெளியே சொல்லாமல் துண்டும் முந்தியும் போட்டு மூடிவைத்திருந்தார்கள், நான் மூடாமல் உட்கார்ந்ததும் ஒவ்வொருவராகத் துண்டை எடுத்தார்கள். அண்ணன்மேல் போட்ட கேஸ் தீர்ப்பாவதற்குள் அண்ணனைப் பறிகொடுத்த சவரிமுத்து சாருக்கு வலது மணிக்கட்டில் சதுரக் கள்ளி நின்றது. அதைக் கிள்ளினால் பால் வரும், பால் கண்ணில் பட்டால் கண் போகும், அதனால் அவர் யாரையும் பக்கத்தில் சேர்ப்பதில்லை, முன்பும் சேர்த்ததில்லை. அம்மாவைக் கொடுத்த டீக்கடை வேலுச்சாமிக்குக் கழுத்தைச் சுற்றிப் பிரண்டை படர்ந்தது. கடைக்கு வருகிற பெண்கள், "ஏ வேலு, துவையலுக்கு நாலு கணு கிள்ளிக்கிடவா?" என்று கேட்பார்கள், அவனும் டீ ஆற்றிக்கொண்டே கழுத்தைச் சாய்த்துக் கொடுப்பான். கிள்ளக் கிள்ளத் துளிர்த்தது, அவனும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டுப் பாட ஆரம்பித்தான். மருமகனைப் பறிகொடுத்த காளியம்மாளுக்கு முதுகில் ரணகள்ளி. அதன் இலை ஓரத்தில் வரிசையாகக் குட்டிச் செடிகள் முளைத்து உதிரும், அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதவர்களின் சேலையிலும் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு போய் அவர்கள் வீட்டில் வேர் விடும்.

தெரு இதையெல்லாம் ஒரு மாதத்துக்குள் பழகிக்கொண்டது. ரேஷன் கடையில் பேனா பிடிக்க முடியாத சார் மை தொட்டுக் கைநாட்டு வைத்தார், "செடி ரேகைதான் சார் விழுது, இடது கையை வைங்க" என்று கடைக்காரர் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். மினி பஸ் கண்டக்டர் முள் உள்ளவர்களை ஜன்னலோரம் உட்காரச் சொன்னார், வெயிலும் கிடைக்கும், பக்கத்து ஆளுக்கும் குத்தாது என்று. எனக்கு ஆறுதல் சொல்ல வந்து தோளில் தட்டியவர்கள்தான் பாவம். சப்பாத்திக் கள்ளியின் பெரிய முள் கண்ணுக்குத் தெரியும், விலகிக்கொள்ளலாம், அதன் அடியில் பூனைமயிர் மாதிரி கூட்டம் கூட்டமாக இருக்கிற சின்ன முள்தான் விஷமம் பிடித்தது. தட்டிவிட்டுப் போய் இரண்டு நாள் உள்ளங்கையில் மெழுகை உருக்கி ஊற்றி உரித்துக்கொண்டிருப்பார்கள். பிறகு யாரும் தட்டவில்லை. எதிரே உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள், அது நன்றாகத்தான் இருந்தது.

என் சட்டைகள் தோளில் மாட்டிக் கிழிந்தன. அதனால் வேல்கனி கடைக்குப் போனேன்.

வேல்கனியும் பொன்கனியும் பதினொரு நிமிஷ வித்தியாசத்தில் பிறந்தவர்கள். பெற்றவர்கள் போன பிறகு கல்யாணமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று தெரு முனையில் ஜாக்கெட் தைக்கிற கடை போட்டு, இரண்டு தையல் மிஷின்களை எதிரும் புதிருமாகப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். முப்பத்து நாலு வயதிலும் யார் எவள் என்று தெருவுக்குத் தெரியாது. அளவு எடுத்தவள் ஒருத்தியாக இருப்பாள், சண்டைபோட்டு ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறவள் இன்னொருத்தியாக இருப்பாள். கார்த்திகை மாதம் மூன்று நாள் காய்ச்சலில் பொன்கனி போய்விட்டாள். எதிர் மிஷின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு வேல்கனி மட்டும் தைத்துக்கொண்டிருந்தாள்.

என் தோளை இஞ்சு டேப்பால் அளந்தாள். "ஜன்னல் வச்சுத் தாரேன் அண்ணாச்சி. மேல ஒரு மூடி, ரெண்டு பொத்தான். வெயில்ல திறந்துக்கோங்க, பஸ்ஸுல மூடிக்கோங்க. வளருமே, ரெண்டு இஞ்சு கூட விடவா?"

"விடு."

சார் கைக்கும் காளியம்மாள் முதுகுக்கும் அவள்தான் தைத்துக் கொடுத்தாள். தனக்கு மட்டும் கழுத்து மூடிய ஜாக்கெட்டாகப் போட்டுக்கொண்டாள்.

நூல் டப்பாவைப் பார்த்ததும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. குருவம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு சட்டியிலும் ஒரு நூல் கட்டியிருப்பாள், சிலதில் ஒரு முடிச்சு, சிலதில் நாலு, சிலதில் ஆறு. அழகுக்குக் கட்டியிருக்கிறாள் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

"மதினி இங்கதான் நூல் வாங்குவாக" என்றாள் வேல்கனி. "ஒரு முடிச்சுக்கு ஒரு வாரம். நாலு முடிச்சு இருந்தா நாலு வாரத்துக்கு ஒருக்க ஊத்தணும். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

அவள் பல்லால் கடித்து நூலை அறுத்தாள்.

"டீ கிளாஸ்ல இருந்ததுக்கு முடிச்சே இல்ல. பச்சை நூல், வெறும் சுருக்கு" என்றேன்.

"அது கல்லுச் செடி. பாக்கக் கூழாங்கல்லு மாதிரி ரெண்டா வெடிச்சு இருக்கும். அதுக்குச் சுருக்குதான். கேக்கற வரைக்கும் ஊத்தக் கூடாதுன்னு அர்த்தம்."

"செடி எப்படிக் கேக்கும்?"

"அதை மதினிகிட்டதான் கேக்கணும்" என்று சொல்லிச் சிரித்தாள், சிரித்த உடனே கையால் தொண்டைக்குழியைப் பொத்திக்கொண்டாள். பொத்துகிற அவசரத்தில் மேல் பொத்தான் விலகியது. தொண்டைக்குழியில் சாம்பல் நிறத்தில் கூழாங்கல் ஒன்று, நடுவில் கோடு விழுந்து, இரண்டு பாதியாக உட்கார்ந்திருந்தது.

டீ கிளாஸில் நான் அழுகவைத்தது அந்தச் செடிதான். நர்சரிக்கு எங்கிருந்தோ வந்த பெட்டியில் உடைந்த தொட்டியோடு கிடந்ததைக் குருவம்மாள் எடுத்து வந்திருந்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை அதன் இரண்டு இலையும் சுருங்கும். பார்த்தால் சாகிற மாதிரியே இருக்கும். ஒருமுறை நான் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது குருவம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, "சாகல. உள்ள புது இலை ஒண்ணு இருக்கு. பழசு தன் தண்ணியை அதுக்குக் கொடுத்துட்டு இருக்கு. நடுவுல நீங்க ஊத்துனா பழசும் குடிக்கும், புதுசும் குடிக்கும், ரெண்டும் வெடிச்சுச் செத்துரும்" என்று சொன்னாள். கேட்டுக்கொண்டேன், மறந்தும் போனேன்.

பங்குனியில் வேல்கனியின் கல் சுருங்க ஆரம்பித்தது. கூடவே அவளும். கன்னம் ஒட்டியது, உதட்டில் தோல் உரிந்தது, கடையை மூடிவிட்டுக் கட்டிலில் படுத்துவிட்டாள். ஒரு நாளைக்கு இரண்டு மடக்குத் தண்ணீர், அரை இட்லி, அதற்கு மேல் இறங்கவில்லை. தெரு பதறியது. அப்பன் ஆத்தாள் இல்லாத பெண், கூடப் பிறந்தவளும் இல்லை, நாம் பார்க்காமல் யார் பார்ப்பது என்று, எட்டு நாள் தண்ணீரை எட்டு நாளும் எண்ணி எண்ணிச் செலவழிக்கிற வீடுகளிலிருந்து ஆளுக்கொரு செம்பு வந்தது. இளநீர் வந்தது, பழையசோற்றுத் தண்ணீர் வந்தது, மாதா கோயில் தீர்த்தமும் மாரியம்மன் கோயில் தீர்த்தமும் வந்தன. வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, பொன்கனியைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அழுது முடித்து, கல் காய்ந்து வெடிக்கிறதே என்று ஈரத் துணியை நனைத்து அவள் தொண்டையில் சுற்றினார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவர் எதிர்வீட்டுச் சீதாலட்சுமி மதினி. தெருவில் யாருக்கு என்ன என்றாலும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுகிற மனுஷி.

நான் போய்ப் பார்த்தபோது கல்லின் ஓரம் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. அந்தப் பளபளப்பு எனக்குத் தெரியும். முப்பத்து மூன்று தடவை பார்த்திருக்கிறேன். அதற்கு அடுத்தது விரல் உள்ளே போகும். அழுகல் அந்தத் தொண்டையோடு நிற்காது.

"மதினி, துணியை எடுங்க. தண்ணி வேண்டாம்" என்றேன்.

"என்னது?"

"ஊத்தக் கூடாது. கூட்டமும் வேண்டாம். காலை வெயில்ல உக்காரவச்சு விட்டுருங்க."

சீதாலட்சுமி மதினி செம்பைக் கீழே வைத்தார். "ஏன் அண்ணாச்சி, பிள்ளை தொண்டை காஞ்சு கெடக்கு. நாளைக்கு உசிரு போகையில வாயில ஊத்த ஆளில்லாமப் போகணுமா? உங்க பொண்டாட்டிக்கு ஒரு சொட்டு ஊத்தக் கொடுத்துவைக்கலைன்னு ஊருல ஒருத்தரையும் ஊத்தவிட மாட்டேங்கீகளா?"

சொன்ன பிறகு மதினிக்கே முகம் மாறியது, ஆனாலும் செம்பை எடுத்துக்கொண்டார். கட்டிலில் கிடந்த வேல்கனி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "எனக்குத் தாகமில்ல. இவுக எல்லாருக்குந்தான் தாகம்." அது என் காதில் மட்டும்தான் விழுந்தது.

மறுநாள் வியாழக்கிழமை, எங்கள் தெரு முறை. விடியற்காலையில் குடங்கள் வரிசையில் வந்து நின்றன. நான் மணி அடித்துக்கொண்டு வந்தேன், குழிக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தினேன், சாவியை அவிழ்த்தேன். திரும்பக் கட்டினேன். ஏறி மிதித்துப் போய்விட்டேன்.

ஒரு வீட்டுப் பானையில் ஒரு நாள் தண்ணீர் மட்டும் மிஞ்சியிருக்கும்போது அடுத்த வீட்டுக்குச் செம்பு போகாது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது வால்வு ஒன்றுதான், அதையும் திறக்கத்தான் தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பத்து மணிக்குத் தெருவே வெறுங்குடத்தோடு என் வீட்டுக்கு வந்தது. கீழே நான் இல்லை என்றதும் மாடிக்கு ஏறியது. முன்னால் சீதாலட்சுமி மதினி, பின்னால் சார், வேலுச்சாமி, காளியம்மாள், இன்னும் முப்பது பேர். சண்டை போட வாயைத் திறந்துகொண்டு வந்தவர்கள் மாடியைப் பார்த்ததும் நின்றார்கள். செத்தவற்றை நான் தூக்கிப் போட்டிருக்கவில்லை. குக்கரும் டப்பாவும் ஹெல்மெட்டும் அப்படி அப்படியே, மண்ணும் கறுப்புத் தோலுமாக வரிசையில் இருந்தன, ஒவ்வொன்றிலும் நூல் ஆடியது.

மதினி குனிந்து ஒரு டப்பாவுக்குள் பார்த்தார். "என்ன நோவு இதுகளுக்கு?"

"நோவு இல்ல. நான்தான்."

"நீங்களா?"

"காலையில ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு. ஒருநாளும் தவறல. அவமேல உள்ள பிரியத்துல ஊத்துனேன்."

வேலுச்சாமி மெதுவாக, "தெரியாமச் செஞ்சது அண்ணாச்சி" என்றான்.

"தெரியாம இல்ல. மூணு தடவை சொல்லிட்டுப் போனா."

டீ கிளாஸை எடுத்து மதினி கையில் கொடுத்தேன். உள்ளே உலர்ந்த வழுவழுப்பு ஒன்று அடியில் ஒட்டியிருந்தது. "வேல்கனி தொண்டையில இருக்கிறது இதுதான்" என்றேன். அவர் அதைச் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். விளிம்பிலிருந்த பச்சை நூலின் சுருக்கை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஈரத் துணியை அவிழ்த்து எறிந்து, ஜன்னலைத் திறந்து, கட்டிலை வெயில் விழுகிற பக்கம் இழுத்துப் போட்டிருந்தார். வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அன்று மட்டும் பதினெட்டுப் பேரைத் திருப்பி அனுப்பினார். தீர்த்தம் கொண்டுவந்த ஒருவரிடம், "சாமிக்கு அவசரம்னா நேர்ல வரட்டும், செம்புல வர வேண்டாம்" என்றார்.

என்னைப் பார்த்து, "சரி, தெருவுக்குத் தண்ணி எப்ப?" என்றார்.

"அவ கேக்கும்போது."

"யாரு, உங்க பொண்டாட்டியா?"

"வேல்கனி."

"அதுவரைக்கும் நாங்க முள்ளு முளைச்சுக் கெடக்கணுமாக்கும்."

"கீழத் தெருவுல தண்ணி வருது. நான் தூக்கித் தாரேன்."

தூக்கினேன். சைக்கிளில் ஒரு நடைக்கு நாலு குடம், காலையில் பத்து நடை, மாலையில் பத்து நடை. இரண்டாம் நாள் வேலுச்சாமி டீக்கடையைச் சாத்திவிட்டுக் கூட வந்தான். மூன்றாம் நாள் சவரிமுத்து சார், யாரையும் பக்கத்தில் சேர்க்காத சார், கீழத் தெருக் குழாயடியில் வரிசை ஒழுங்குபடுத்த நின்றார், சதுரக் கள்ளியோடு ஒருவர் நின்றால் வரிசையில் யாரும் நுழைவதில்லை. ஆபீசிலிருந்து எனக்கு மெமோ வந்தது. ஏன் திறக்கவில்லை என்று கேட்டிருந்தார்கள். கேட்க வேண்டிய ஆள் இன்னும் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

இவ்வளவு எளிதாகச் சொல்கிறேன். அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் இல்லை. வேல்கனி நாளுக்கு நாள் சுருங்கினாள். கண்ணாடி மாதிரி இருந்த ஓரம் நாலாம் நாள் காய்ந்து பொருக்குக் கட்டியது, அது நல்ல குறிதான், ஆனால் அந்தக் கல் முழுவதும் நூறு வயதுக் கிழவியின் முட்டி மாதிரி ஆகிவிட்டது. அவளும் அப்படியே. குருவம்மாள் சொன்னதை நான் சரியாகக் கேட்டேனா, பாதியைக் கேட்டேனா என்று சைக்கிள் மிதிக்கும்போதெல்லாம் நினைப்பு ஓடும். தப்பாகக் கேட்டிருந்தால் முப்பத்து நாலாவதாக ஒன்று என் கையால் போகும், அதற்குச் சட்டியும் கிடையாது.

ஆறாம் நாள் அவள் பேசினாள்.

"அண்ணாச்சி, எல்லாரும் என்னைப் பாத்துப் பொன்கனியச் சொல்லி அழுதாக. அழுகைக்கு நடுவுல என்னையே பொன்கனின்னு கூப்பிட்டாக. திருத்தல. எவ போனான்னு எனக்கே தெரியாமப் போச்சு."

"இப்ப?"

"இப்ப உள்ள என்னமோ குறுக்க வளருது."

"வலிக்குதா?"

"இடிக்குது" என்றாள். வாசலில் மதினி காதைத் தீட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது.

ஒன்பதாம் நாள் காலை, வெயில் கட்டிலின் காலுக்கு வந்திருந்தது. நான் குடத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். "அண்ணாச்சி, இங்க வாங்க" என்று மதினி கூப்பிட்ட குரலில் நான் குடத்தைப் பாதியில் விட்டேன். கல்லின் நடுக்கோடு விரிந்திருந்தது. பழைய இலை இரண்டும் காகிதம் மாதிரி மெலிந்து ஒதுங்க, நடுவில் புதிதாக ஒரு ஜோடி, இளம் பச்சையும் சாம்பலுமாக, பழைய ஜோடி கிழக்கு மேற்காக இருந்தால் இது வடக்கு தெற்காக, குறுக்கே உட்கார்ந்திருந்தது. கல்லுச் செடி எப்போதும் அப்படித்தான் வரும். வந்த வழியில் திரும்ப வராது.

வேல்கனி எழுந்து உட்கார்ந்தாள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். உதட்டை நாக்கால் தடவினாள்.

"மதினி, தாகமா இருக்கு" என்றாள்.

சீதாலட்சுமி மதினி செம்பை எடுக்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். நான் சைக்கிளை எடுத்தேன். குழி நூறு அடி தூரம்தான், ஆனாலும் மணியை அடித்துக்கொண்டே போனேன். காலை ஒன்பதரை மணி, யார் முறையும் இல்லாத சனிக்கிழமை. சாவியை விட்டுத் திருகினேன். பதினேழு நாள் காய்ந்து கிடந்த குழாய்கள் முதலில் காற்றை இருமின, பிறகு துருத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். தெரு முழுக்கக் குடம் வைக்கிற சத்தம். அதற்கு மேலாக மதினியின் குரல் கேட்டது: "ஒரு டம்ளர் போதும்டி. மெதுவாக் குடி. அம்புட்டுதான் இன்னைக்கு."

அந்தக் கோடையில் வேல்கனி கடையைத் திறந்தாள். எதிர் மிஷின்மேல் போட்ட துணியை எடுத்து, காளியம்மாளின் மகளை அதில் உட்காரவைத்தாள். பழைய இலையின் காகிதத்தைக் குண்டூசி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள் என்று சொன்னார்கள். யாராவது பழக்கதோஷத்தில் பொன்கனி என்று கூப்பிட்டால், "அவ போயிட்டா, நான் வேல்கனி, அளவு கொண்டுவந்தீகளா?" என்பாள். சார் தன் கள்ளியின் ஒரு கிளையை அண்ணன் மகன் வீட்டு வேலியில் நட்டுவிட்டு வந்தார். கேஸ் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

என்னுடையது அடுத்த சித்திரையில் மஞ்சளாகப் பூத்து, ஆடியில் ஏழு சிவப்புப் பழம் பழுத்தது. முள்ளைத் தேய்த்து எடுத்து, உள்ளே இருக்கிற நட்சத்திர முள்ளையும் எடுத்துவிட்டு, தெருவில் எல்லோரும் ஆளுக்கொரு வாய் தின்றார்கள். ஒரு வாரம் தெருவே சிவந்த நாக்கோடு பேசிக்கொண்டு திரிந்தது. ஆவணியில் கள்ளி தானாகவே தோளிலிருந்து கழன்றது. அவசரப்பட்டு நடவில்லை. வெட்டுப்பட்ட இடம் காயாமல் மண்ணில் வைத்தால் அழுகிவிடும் என்று குருவம்மாள் சொல்வாள். பதினைந்து நாள் நிழலில் வெறுமனே போட்டு வைத்து, காய்ந்து தோல் கட்டிய பிறகு, மேகமூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து அவளுடைய பிரஷர் குக்கரில் நட்டேன். பயந்து நின்ற எட்டும் அதற்குள் பயம் தெளிந்து பக்கக் கன்று விட்டிருந்தன. கன்றுகளைப் பிரித்து ஒழிந்த சட்டிகளில் வைத்தேன். எல்லாவற்றுக்கும் நூல் கட்டினேன். முடிச்சுப் போட வேல்கனிதான் சொல்லிக் கொடுத்தாள்.

இது நடந்து இருபத்தொரு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாருக்கும் முளைக்கவில்லை, துக்கம் இல்லாமல் இல்லை. துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் மட்டும் எங்கள் தெருவில் இன்னும் வெறுங்கையோடு போய், எதிரே உட்கார்ந்து, அவர்களாகக் கேட்கும்வரை காத்திருக்கிறார்கள்.

தோளில் ஜன்னல் வைத்த சட்டைகளில் நாலு மிச்சம் இருக்கின்றன. ஒன்றில் ஜன்னல் மூடியின் மேல் பொத்தான் இல்லை, திறந்தே கிடக்கட்டும் என்று தைக்கக் கொடுக்கவில்லை.